குதிரை டிரெய்லருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: டெக்சாஸில் டென்டன் பக்கம் இருக்கிறோம். மகள் பேரல் ரேசிங் (பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டும் போட்டி) போகிறாள், இரண்டு குதிரைகள். போட்டி நடக்கும் இடத்திலேயே இரவு தங்க வசதியாக, லிவிங் குவார்ட்டர்ஸ் (ஆள் தங்கும் குடியிருப்புப் பகுதி) வைத்த டிரெய்லர் வாங்க ஆசை. எங்களிடம் இருப்பது நான்கு கதவு, முக்கால் டன் ரக (அது ரகத்தின் பெயர்தான், எடை அல்ல) டீசல் டிரக். டீலர் மூன்று குதிரை கூஸ்நெக் ஒன்றைக் காட்டி, "உங்கள் டிரக் 18,000 பவுண்ட் இழுக்கும், இது 14,000தான்" என்கிறார். கதவு ஸ்டிக்கரில் பேலோடு, அதாவது ஆளும் சாமானும் சேர்த்து டிரக்கில் ஏற்றக்கூடிய அளவு, 2,150 பவுண்ட் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். டீலர் சொன்ன 18,000 பொய்யாக இருக்காது, ஆனால் உங்கள் கேள்விக்கு அது விடையில்லை. டிரக் எவ்வளவு இழுக்கும் என்பது வேறு, எவ்வளவு சுமக்கும் என்பது வேறு. கூஸ்நெக் டிரெய்லரின் கழுத்து டிரக்கின் முதுகில் உட்காருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 20 முதல் 25 சதவீதம் அங்கேதான் இறங்கும். அதைத்தான் பின் வெயிட் (pin weight) என்கிறார்கள்.

கணக்கு இதுதான். அந்த டிரெய்லர் குதிரை, சேணம், வைக்கோல், தண்ணீர் எல்லாம் ஏற்றியபின் 13,000 பவுண்ட் வரும் என்று வையுங்கள். பின் வெயிட் குறைந்தது 2,600. உங்கள் ஸ்டிக்கரின் 2,150இல் நீங்கள் மூன்று பேர் 450, கருவிகள், சில்லறைச் சாமான் 150 போனால் மிச்சம் 1,550. குதிரையை இறக்கிவிட்டுப் போனால்கூட இது தேறுமா என்பது சந்தேகம்தான். குடியிருப்புப் பகுதி முழுக்க முன்பக்கம், கழுத்தை ஒட்டி இருக்கிறது. அலமாரி, ஏ.சி., தண்ணீர்த் தொட்டி என்று பாரமானதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். 30 கேலன் தண்ணீரே 250 பவுண்ட்.

டீசல் டிரக் என்றால் அதிகம் சுமக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பல முக்கால் டன் டிரக்குகளின் மொத்த எடை வரம்பு, டிரக்கும் அதில் ஏறும் பாரமும் சேர்த்து, 10,000 பவுண்ட். பெட்ரோல் இன்ஜினைவிட டீசல் இன்ஜின் பல நூறு பவுண்ட் அதிக கனம், அது பேலோடிலிருந்துதான் கழியும். லெதர் சீட், சன்ரூஃப் என்று ஏற ஏற இன்னும் கழியும். விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனோ ஆளுக்கு 150 பவுண்ட் வீதம் இரண்டு பேர் உட்கார்ந்த டிரக்குக்குக் கணக்கிட்டது.

இதைச் சொன்னால் டீலர் அடுத்து என்ன சொல்வார் தெரியுமா? "ஏர் பேக் போட்டுக்கொடுக்கிறேன், சரியாகிவிடும்." விபத்தில் விரியும் பை அல்ல, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை. அதை மட்டும் நம்பாதீர்கள். ஏர் பேக் போட்டால் தாழ்ந்த பின்பக்கம் நிமிரும், பார்க்க நன்றாக இருக்கும். அச்சு, பிரேக், சக்கரம், டயர் எதற்கும் ஒரு பவுண்ட்கூடத் தாங்கும் சக்தி கூடாது, ஸ்டிக்கர் எண்ணும் மாறாது. அளவு மீறியது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் கறக்கிற டீலர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பொறி, பிரசுரத்தில் போட்டிருக்கும் 'காலி எடை'. பல டிரெய்லர்களில் வெளிக்கூட்டை ஒரு கம்பெனி செய்யும், உள்ளே கட்டில், சமையலறை போடுவது இன்னொரு கம்பெனி. எழுதியிருக்கும் எடை பல சமயம் வெறும் கூட்டுடையது. அதனால் டிரெய்லரை மாட்டி, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற வண்டி எடை மேடைக்குக் கொண்டுபோய் எடை போடச் சொல்லுங்கள். டிரக் மட்டும் ஒரு தடவை, டிரெய்லரோடு ஒரு தடவை. டிரக்கின் அச்சுகளில் எவ்வளவு கூடியதோ அதுதான் காலி டிரெய்லரின் பின் வெயிட். சில டாலர் செலவு. மறுக்கிற டீலரிடம் வாங்க வேண்டாம்.

அப்படியென்றால் பெரிய டிரக்காக மாற்றிவிடலாமா? மாற்றலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் நான்கு சக்கரம் வைத்த ஒரு டன் டூயலியின் வரம்பு 14,000 பவுண்ட் வரை போகும். டிரெய்லரின் வரம்பு 14,000. சேர்ந்தால் 28,000. டெக்சாஸில் டிரெய்லர் வரம்பு 10,000ஐத் தாண்டி, இரண்டும் சேர்ந்து 26,001 அல்லது அதற்கு மேல் போனால் சொந்த உபயோகத்துக்கும் கிளாஸ் ஏ ஓட்டுநர் உரிமம் வேண்டும். தகட்டில் அச்சடித்த வரம்பைத்தான் கூட்ட வேண்டும், அன்று ஏற்றிய எடையை அல்ல. "காலியாகத்தானே ஓட்டுகிறேன்" என்பது செல்லாது. சரி, 26,000 வரை? சின்ன கார் ஓட்டிக்காட்டி வாங்கிய சாதாரண உரிமமே போதும்! எந்த டிரக்குக்கு எந்த டிரெய்லரை விற்கிறார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. எல்லாம் நம் தலையில்தான்.

உங்களுக்கு நான் சொல்வது, இரண்டு குதிரை பம்பர் புல் (முதுகில் அல்ல, பின் பம்பருக்குக் கீழே மாட்டி இழுப்பது), முன்னால் சின்னப் படுக்கை, ஒரு சிங்க். ஏற்றியபின் 9,000க்குள் நிற்கட்டும். அதில் முன்பாரம் 10 முதல் 15 சதவீதம்தான், அதாவது 900 முதல் 1,350, உங்கள் 1,550க்குள் அடங்கும். டிரக்கின் ஹிட்ச்சில் (டிரெய்லரை மாட்டும் இணைப்பில்) அச்சடித்த வரம்பையும் பாருங்கள், எடையைப் பகிரும் ஹிட்ச் வேண்டுமா என்பதும் அங்கேயே இருக்கும். பழையது வாங்கினால் ரப்பர் பாயைத் தூக்கித் தரையைப் பாருங்கள். குதிரை மூத்திரம் மரத்தை மக்க வைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். டயரில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2317 என்றால் 2017இன் 23ஆவது வாரம். டயரின் வரிகள் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் அந்த வயது டயரை மாற்றச் சொல்லி, அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.