உடம்பைப் பார்த்துக்கொள்ள நீங்கள் கடைப்பிடிக்கும் பழக்கம் எது? அதனால் உங்கள் தெருவுக்கும் ஏதாவது நன்மை உண்டா?

மதுரை அண்ணா நகர் பக்கம் ஒரு சின்னத் தெருவில், வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 49. இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்தே செய்யும் வேலை. என் பழக்கம் எது என்று கேட்டால் முதலில் சொல்ல வருவது இதுதான்: எங்கள் வீட்டில் உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அதன் மேல் அன்றைய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பேன்.

இது 2022-இல் ஆரம்பித்தது. என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு தங்கச்சி மாதாமாதம் வீட்டுக்கே வந்து அத்தைக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. ஒருநாள் அத்தைக்குப் பார்த்து முடித்தவள், "அக்கா, நீங்களும் கையை நீட்டுங்க" என்றாள். தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை மடியில் வைத்துக்கொண்டே நீட்டினேன். 162/98. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. மெஷின்தான் கோளாறு என்று நினைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டு முறையும் 150-க்கு மேல்.

அங்கே இருந்த டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "ஒரு கிலோ உப்பு உங்க வீட்டுல எத்தனை நாள் வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் பாதிப் பேரின் தோள் அளவும் கழுத்து அளவும் மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு, என் அடுப்படியில் உப்பு எவ்வளவு போகிறது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே புது பாக்கெட் வாங்கித் தேதி எழுதினேன்.

கணக்கு எளிது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். வீட்டில் நான்கு பேர் என்றால் நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வரவேண்டும். எங்கள் வீட்டில் அது 22 நாளில் தீர்ந்தது. அதாவது ஆளுக்குப் பதினோரு கிராமுக்கு மேல்! காய்கறி கழுவவும் வடித்த கஞ்சியோடும் கொஞ்சம் போயிருக்கும், சரி. ஆனால் கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், மிக்சர், கருவாடு எதுவும் இந்தக் கணக்கில் இல்லையே.

எங்கே போகிறது என்று தேடினேன். இட்லி மாவில் ஒரு கை, சட்னியில் ஒரு கை, சாம்பாரில் ஒரு கை, அப்புறம் மோரில் ஒரு சிட்டிகை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். நான் செய்தது இரண்டு. முதலாவது, கையால் அள்ளிப் போடுவதை விட்டுவிட்டு ஒரு சின்ன அளவுக் கரண்டியை உப்பு ஜாடிக்குள்ளேயே போட்டேன். இரண்டாவது, சோறு வடிக்கும்போது உப்பு போடுவதை நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். எலுமிச்சை, சீரகம், மிளகு, கொத்தமல்லி கூட்டிப் பார்த்தேன். மூன்றாவது வாரத்துக்கு மேல் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஓட்டல் சாம்பார் அவருக்கே கரிக்கிறது. கடைசியாகத் தீர்ந்த பாக்கெட் 43 நாள் வந்தது.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் எல்லாரும் கேட்பது இதுதான். இந்துப்புக்கு மாறினால் போதுமா? போதாது. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அதில் பெரும்பாலும் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு. சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

என் கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்து பேசாமல் போக மாட்டார்கள். பேச்சுவாக்கில் பாக்கெட்டுத் தேதி கதையைச் சொன்னேன். அடுத்த வாரமே நான்கு வீட்டில் தேதி எழுதிவிட்டார்கள். "அக்கா, எங்களுக்கு 19 நாள்தான் வந்துச்சு" என்று ஒருத்தி அழாத குறையாகச் சொன்னாள். உப்பைக் குறை என்று யார் சொன்னாலும் நம் பெண்களுக்கு அது குற்றச்சாட்டு மாதிரிக் கேட்கும். ஆனால் தேதியைப் பார்க்கும்போது யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, நாளைத்தான் எண்ணினோம். இன்றைக்கு எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீட்டு உப்பு பாக்கெட்டில் தேதி இருக்கிறது. இதற்குக் காசு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு நானே ஒரு டிஜிட்டல் பிரஷர் மெஷின் வாங்கிக் கடையில் வைத்தேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். பார்க்கும் முறையை அந்தத் தங்கச்சியிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பாத்ரூம் போய்விட்டு வந்து, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. பெருத்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும், சின்னப் பட்டையில் அளவு கூடுதலாகக் காட்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. என் கடையில் மிகவும் கஷ்டமான விதி அந்தக் கடைசி ஒன்றுதான். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பார்த்து இரண்டையும் நோட்டில் எழுதுவோம். வீட்டில் பார்க்கும்போது 135/85-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் போகச் சொல்வேன். எந்த மாத்திரை, எவ்வளவு என்பது பற்றி நான் வாயே திறப்பதில்லை.

அந்த நோட்டு எழுதும் முறை பிறகு மாறியது. அதற்குக் காரணம் எதிர் வீட்டு அண்ணன். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் நோட்டில் முதல் பக்கத்துக்காரர். மாத்திரை ஆரம்பித்த சில மாதத்தில் அவருக்கு 126/80 வந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நான் சிவப்புப் பேனாவில் 'நார்மல்' என்று எழுதினேன். சரியாகிவிட்டது என்று நினைத்து அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டார். அளவு இறங்கியது மாத்திரையால்தான், விட்டால் ஏறிவிடும் என்பதை அன்றைக்கு அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அது இன்றும் என் மனதை அறுக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் டீ டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு குழறியது. பக்கவாதம். அண்ணி கத்தியதும் தெருவே ஓடியது. ஒருவர் சோடா வாங்கி வந்தார், இன்னொருவர் தண்ணீர் புகட்டப் பார்த்தார். அந்த நேரத்தில் விழுங்கவும் முடியாமல் போயிருக்கலாம், தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். என் மகன்தான் டம்ளரைப் பிடுங்கிவிட்டு 108-க்குப் போன் செய்தான். "எப்ப ஆரம்பிச்சுச்சு?" என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால், மூளையில் அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். அண்ணி டீ கொடுத்த நேரத்தைச் சரியாகச் சொன்னார். அண்ணன் பிழைத்தார், நடக்கிறார். வலது கைப்பிடி மட்டும் முழுதாகத் திரும்பவில்லை, ஆட்டோவைக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் நோட்டில் 'நார்மல்' என்ற வார்த்தையே கிடையாது. அளவு எழுதும் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன்: 'இன்று மாத்திரை போட்டாச்சா?' அதை நிரப்பாமல் மெஷினைத் தொட விடுவதில்லை. வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல், இதில் எது வந்தாலும் நேரத்தைப் பார், 108-ஐக் கூப்பிடு, வாயில் எதையும் ஊற்றாதே என்று பெரிதாக எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தெருப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

இடுப்பளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் தொழிலோடு வருவது. சுடிதார் தைக்க அளவெடுத்து எழுதிய பழைய நோட்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஒரே ஆளுக்கு 29, 31, 34 என்று வருடா வருடம் ஏறுவது அதில் தெரியும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினால் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடும் என்கிறார்கள். இன்ச் டேப்பில் ஏறக்குறைய முப்பத்தொன்றரையும் முப்பத்தைந்தரையும். எடை சாதாரணமாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் நான் யாருடைய அளவையும் உரக்கச் சொல்வதில்லை. கேட்டால் மட்டும் பழைய பக்கத்தைத் திருப்பி அவர்களிடமே காட்டுவேன். என்னை நம்பிக் கொடுத்த அளவு அது.

நடைப்பயிற்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையில் பெண்கள் தனியாகப் போவதுதான் பிரச்சினை. நாய், இருட்டு, வழியில் பயம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து உழவர் சந்தை வரைக்கும் நடக்கிறோம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை எங்கள் அண்ணா நகரில்தான், 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். கீரை வாங்கப் போகிறோம் என்றால் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை, போய்த்தான் ஆகவேண்டும் என்பதால் ஒருநாளும் தவறுவதில்லை. தண்டுக்கீரையும் அவரைக்காயும் பையில் ஏறியபிறகு திரும்பி வரும் நடை இன்னும் நல்ல பயிற்சி.

கடைசியாகக் கொசு. இது தனி ஆளாக முடியவே முடியாத காரியம். 2023 மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்தது. மாநகராட்சியிலிருந்து வந்தவர்கள் டார்ச் அடித்து என் வீட்டு டிரம்மிலேயே புழுவைக் காட்டினார்கள். தினமும் தண்ணீர் வராத தெரு, அதனால் எல்லா வீட்டிலும் டிரம்மும் தொட்டியும் இருக்கும். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, நாம் மூடாமல் வைக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை, பாத்திரச் சுவரில் நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை.

அந்தக் கொசு ரொம்பத் தூரம் பறப்பதில்லை. என் பிள்ளையைக் கடிப்பது பெரும்பாலும் என் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்த கொசுதான். இதைச் சொன்ன பிறகுதான் தெரு அசைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் டிரம்மைத் தேய்ப்பது என்று பேசி வைத்தோம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் மூன்று வீட்டில் பையன்கள் போய்த் தேய்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு அப்பத்தா அவர்களுக்குப் பணியாரம் சுட்டு வைத்துக் காத்திருக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் சிரட்டை, பழைய டயர், எல்லாம் பார்க்க வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை யாராவது சலித்துப் போவார்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது. தெருக்கோடியில் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. மொட்டை மாடியில் மூடி இல்லாத சிமெண்டுத் தொட்டி, மழை பெய்தால் நிறைந்துவிடும். சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். எழுதிக் கொடுத்தோம், போன் செய்தோம், நகரவில்லை. போன வாரம் அவருடைய மதினி என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை வாங்க வருவார். அவரிடம் சாவியைக் கேட்கப் போகிறேன்.