கேளுங்க, சொல்றேன்: இதுல பிளிட்சர் எவன்?

கேள்வி: நாங்க நாலு பேரு சேர்ந்து பிளட் பவுல் ஆடறோம். மூணு மாசம் கண்ணு பிதுங்க உக்காந்து என் ஆர்க் (பச்சைத் தோல் அரக்கன்) டீம் பொம்மைங்களை பெயிண்ட் பண்ணேன், ஒருத்தனுக்கு கவசத்துல துரு, இன்னொருத்தனுக்கு மூஞ்சில தழும்பு, ஆளுக்கு ஒரு தினுசா பார்த்து பார்த்து செஞ்சேன். முதல் மேட்ச்ல எதிர்ல ஆடினவர் "இதுல பிளிட்சர் எவன்?"னு பத்து தடவை கேட்டாரு. கடுப்பா இருக்கு சார். தப்பு யார் மேல?

பதில்: உங்க மேலதான் தம்பி, கோச்சுக்காதீங்க. இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி: அமெரிக்கன் ஃபுட்பால் மாதிரி ஒண்ணை ஆர்க், எல்ஃப், எலி மனுஷன், மிருக ஜென்மமெல்லாம் ஆடினா எப்படி இருக்கும்னு 1986ல கேம்ஸ் வொர்க்ஷாப் கம்பெனி கொண்டு வந்த, குட்டி பொம்மைங்களை வச்சு ஆடற போர்டு கேம், உருவாக்கினது ஜெர்விஸ் ஜான்சன். மைதானம் 26க்கு 15 கட்டம், பக்கத்துக்கு 11 பேர் இறங்குவாங்க, டீம்ல 16 பேர் வரைக்கும் வச்சுக்கலாம். லைன்மேன் சாதா ஆளு, பிளிட்சர் பாய்ஞ்சு மோதறவன், த்ரோயர் பந்தை வீசறவன்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நீங்க பெயிண்ட் பண்றப்ப பொம்மை மூக்குக்கு நேரா இருக்கு, ஆடறப்ப அதே பொம்மை ஒரு கை தூரத்துல இருக்கு, அதுவும் மேல இருந்து பார்க்கறீங்க. அங்க இருந்து தெரியறது ஹெல்மெட் உச்சி, ரெண்டு தோள்பட்டை, கொஞ்சம் முதுகு, அவ்ளோதான், தழும்பாவது துருவாவது. அதனால டீம் கலர் தோள்பட்டையில போகணும், 16 பேருக்கும் ஒரே கலர், அதுல செல்லம் குடுக்காதீங்க. பொசிஷனை ஹெல்மெட்ல காட்டுங்க, லைன்மேனுக்கு வெறும் இரும்பு கலர், பிளிட்சருக்கு சிவப்பு, த்ரோயருக்கு வெள்ளைன்னு எதையோ ஒண்ணு முடிவு பண்ணிட்டு கடைசி வரைக்கும் அதையே பிடிச்சுக்கோங்க. ஹெல்மெட் இல்லாத பயலுங்களுக்கு பேஸ் (பொம்மை நிக்கற தட்டு) ஓரத்துல அந்த கலரை ஒரு சுத்து சுத்தி விட்டா போதும், ரொம்ப நாளா ஆடறவங்க இதைத்தான் செய்யறாங்க. முடிச்சதும் டீமை தரையில வச்சுட்டு எழுந்து நின்னு பாருங்க, யார் யாருன்னு யோசிக்காம சொல்ல முடியலைன்னா திரும்ப பிரஷை எடுக்க வேண்டியதுதான்.

அப்புறம் நம்பர். நிறைய பிளாஸ்டிக் டீம் பெட்டியில ஒரே ஃபிரேம் (பொம்மை பாகங்கள் ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் சட்டம்) ரெண்டு தடவை வரும், அதாவது 12 பேர்ல ஆறு ஜோடி ரெட்டைப் பிள்ளைங்க. இவனுக்கு ஒரு ஸ்கில் ஏறியிருக்கு, அவனுக்கு இல்லைங்கறப்ப நம்பர் இல்லாம என்ன பண்ணுவீங்க? முதுகுல ஒண்ணு, பேஸோட பின் ஓரத்துல ஒண்ணு போடுங்க. கையால எழுதறதுல 8தான் எமன், அதை வளைச்சு வளைச்சு எழுதாதீங்க, நிமிர்ந்த மாதிரி ஒரு முட்டை வடிவத்தை வெள்ளையில நிரப்பிட்டு காஞ்சதும் உள்ள ஜெர்சி கலர்ல மேல ஒரு புள்ளி கீழ ஒரு புள்ளி வைங்க, 8 வந்துடும். ஒரே புள்ளியை கொஞ்சம் நீட்டி வச்சா 0. தண்ணில ஊற வச்சு ஒட்டற டிரான்ஸ்ஃபர் ஸ்டிக்கர்னா முதல்ல அந்த இடத்துல கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு கோட் போட்டுடுங்க, மேட் (பளபளப்பில்லாத) பரப்புல நேரா ஒட்டினா அடியில காத்து மாட்டிக்கிட்டு ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி பளபளக்கும், பார்க்க சகிக்காது.

கேள்வி: மஞ்சள் ஜெர்சி போடலாம்னு ஆசை. கறுப்பு பிரைமர் (முதல்ல அடிக்கற அடிக்கோட்) மேல அஞ்சு கோட் அடிச்சும் பாசி பிடிச்ச பச்சையாவே இருக்கு. பெயிண்ட் மட்டமா?

பதில்: பெயிண்ட் பாவம், அதை விட்டுடுங்க. மஞ்சளுக்கு அடியில இருக்கறதை மறைக்கற சக்தி கம்மி, கறுப்பு மேல போனா பச்சையாதான் அடிக்கும். ஜெர்சி வர்ற இடத்துல மட்டும் முதல்ல இளம் பிங்க், இல்லைன்னா எலும்பு கலர் அடிச்சுட்டு அது மேல தண்ணி கலந்து ரெண்டு மெல்லிசு கோட் குடுங்க. பிங்க் வச்சா மஞ்சள் கொஞ்சம் சூடா, மாம்பழம் மாதிரி வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். வாஷை (மடிப்புல நிழல் காட்டற தண்ணியான பெயிண்டை) மொத்தமா ஊத்தாதீங்க, மடிப்புல மட்டும் விடுங்க, இல்லைன்னா மேட்ச் முடிஞ்சு துவைக்காத ஜெர்சி மாதிரி ஆயிடும் (அதுதான் வேணும்னா தாராளமா ஊத்துங்க).

கேள்வி: காண்ட்ராஸ்ட் பெயிண்ட் (ஒரே கோட்ல கலரும் நிழலும் சேர்ந்து வர்றது) அடிக்கறது ஏமாத்து வேலையா?

பதில்: இல்ல. 16 பொம்மையை முடிக்கறவனுக்குதான் மேட்ச்.

கேள்வி: வேற போர் கேம்ல என் பொம்மைங்க வருஷக்கணக்கா அப்படியே இருக்கு, இந்த டீம்ல மட்டும் ஆறே மேட்ச்ல மூக்கும் தோளும் உரிஞ்சு பிளாஸ்டிக் தெரியுது. ஏன்?

பதில்: மத்த கேம்ல பொம்மை நிக்கும், நடக்கும், செத்தா பெட்டிக்கு போயிடும். இதுல விழுந்தவனை மல்லாக்க படுக்க வைக்கணும், மயங்கினவனை குப்புற கவுக்கணும், அப்புறம் தூக்கி நிறுத்தணும், ஒரு மேட்ச்ல ஒரே ஆளு நாலஞ்சு தடவை மூஞ்சி குத்த விழுவான். மூக்கு உரியாம என்ன பண்ணும்? முதல்ல கிளாஸ் வார்னிஷ், அது கெட்டியா நிக்கும், அது மேல பளபளப்பை அடக்க மேட் ஒரு கோட். மூக்கு, தோள், முழங்கை, கொம்பு நுனிக்கெல்லாம் பிரஷால இன்னொரு தடவை தொட்டு விடுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, இது நான் பட்டது. மழை பெய்ஞ்சு ஓஞ்ச சாயங்காலம், நாளைக்கு மேட்ச், அவசரத்துல ஸ்ப்ரே மேட் வார்னிஷை அடிச்சுட்டு சாப்பிட போனேன், வந்து பார்த்தா 14 எல்ஃபும் விபூதி பூசிட்டு நிக்கறாங்க. காத்துல ஈரம் இருந்தா ஸ்ப்ரே அப்படித்தான் பூத்துப் போகும். மறுநாள் பிரஷால கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் குடுத்ததுல முக்கால்வாசி பேர் தெளிஞ்சாங்க, மூணு பேரு இன்னும் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரிதான் ஆடறாங்க. அதுக்கப்புறம் நான் ஸ்ப்ரே பக்கமே போறதில்ல.

கேள்வி: என் பையன் இந்த பொம்மைக்கு பெயிண்ட் அடிக்கறப்ப பிரஷை வாயில வச்சு நுனி பண்றான். கேட்டா "எல்லாரும் அப்படித்தாம்மா"ங்கறான்.

பதில்: நிறைய பேர் செய்யறது நிஜம்தான்மா, ஆனாலும் வேணாம்னு சொல்லுங்க. தண்ணில கரையற அக்ரிலிக்தான், இருந்தாலும் சில பெயிண்ட்ல காட்மியம் மாதிரி உலோகம் கலந்த நிறமி இருக்கும். ஈரத் துணியில பிரஷை படுக்க வச்சு உருட்டிக்கிட்டே இழுத்தா நுனி தானா கூடிடும், வாயை விட நல்லாவே வரும். ரெசின்ல (ஒரு வகை பிசின்) வார்த்த பொம்மையை தேய்க்கறான்னா அதை ஈரத்தோட தேய்க்கட்டும், மாஸ்க் போட்டுக்கட்டும், அந்த தூசி நெஞ்சுக்குள்ள போகக் கூடாது. பிரஷ் கழுவற டம்ளரையும் குடிக்கற டம்ளரையும் மேஜையோட ரெண்டு கோடியில வைக்கச் சொல்லுங்க. நான் இதுவரைக்கும் ரெண்டு தடவை தப்பான டம்ளரை எடுத்திருக்கேன்.