நிலக்கரி மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பது உண்மையிலேயே நடக்கிற காரியமா? நம் நாட்டு நிலையங்களில் பொருத்த முடியுமா?

இதை நிலக்கரிக்காரர்களின் கண்துடைப்பு என்று எங்கோ படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அனல்மின் நிலையம் ஒன்றை ஒட்டி, இந்த வாயுவைப் பிடிக்கும் சிறிய சோதனை அலகில் நான்கு ஆண்டுகள் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தவன் என்பதால் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

வேதியியலில் கோளாறு எதுவும் இல்லை. 40 டிகிரி அளவுக்கு ஆறிய புகையை ஒரு கோபுரத்தில், அமீன் என்ற காரத்தன்மையுள்ள வேதிப்பொருளின் கரைசலால் கழுவினால் கரியமில வாயு கரைசலோடு சேர்ந்துகொள்கிறது. அதை 120 டிகிரி வரை சூடாக்கினால் வாயு பிரிந்துவிட, கரைசல் மீண்டும் கோபுரத்துக்குத் திரும்புகிறது. அந்தச் சூட்டுக்கு டர்பைனுக்குப் போகவேண்டிய நீராவியை எடுப்பதால் மின் உற்பத்தி குறையும் என்பதை நான் மறைக்கவில்லை.

சிக்கல் புகையில் இருக்கிறது. ஓர் இரவு சாம்பலைப் பிடிக்கும் ஈஎஸ்பியின் ஒரு பகுதி டிரிப் ஆகி, சாம்பல் எங்கள் கோபுரம் வரை வந்துவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு நான் எடுத்த மாதிரி, வெளிர் மஞ்சளாக இருப்பதற்குப் பதிலாகக் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. குப்பியைக் குலுக்கியபோது எழுந்த நுரை, பதிவேட்டில் எழுதி முடித்த பிறகும் அடங்கவில்லை. அலகு மூன்று நாள் நின்றது. சாம்பலையாவது வடிகட்டிவிடலாம், கந்தக டை ஆக்சைடு அமீனோடு சேர்ந்து உண்டாக்கும் உப்போ, அந்தச் சூட்டிலும் பிரியாது. கந்தகத்தைக் கழுவும் எஃப்ஜிடி எங்கள் நிலையத்தில் இல்லை. ஆனாலும் அமீன் செலவு கூடியதற்கு ஆய்வகத்தின் கவனக்குறைவே காரணம் என்று மேலிடத்தில் குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்பை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

கனடாவின் பவுண்டரி டாம் நிலையத்தில் 2014 அக்டோபரில் தொடங்கிய அலகு, ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிப்பதற்காகக் கட்டப்பட்டது. கந்தகத்தை முதலில் பிரித்த பிறகே கரியமில வாயுவைப் பிடிக்கும் அந்த அலகையே சாம்பலும் அமீன் சிதைவும் தொடக்க ஆண்டுகளில் படுத்தி எடுத்தன. எதிர்பார்த்த அளவை அப்போது எட்டவில்லை. இதைக் காட்டித் தொழில்நுட்பமே தோற்றுவிட்டது என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். தூத்துக்குடியில் 2016இல் ஒரு சோடா ஆலை, நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துப் பொருளாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. (நான் வேலை பார்த்த இடம் அதுவன்று.) ஆனால் 500 மெகாவாட் அலகு ஒன்றே ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் வெளியிடுகிறது.

இங்கே நிலையப் புகையில் கந்தக டை ஆக்சைடுக்கான வரம்பு 2015 டிசம்பரில் வந்தது. கெடுவைத் தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்ஜிடியிலிருந்து விலக்கே அளித்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவுதானே என்று சிலர் வாதிடுவார்கள். குறைவுதான், ஆனாலும் புகையில் கந்தக டை ஆக்சைடு சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கும், அமீனுக்கோ 10 பிபிஎம்முக்கு மேல் ஆகாது. ஆகவே எந்த நிலையத்தில் இதைப் பொருத்தப் போவதாகச் செய்தி வந்தாலும், அங்கே எஃப்ஜிடி ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.