மூன்று மருந்துக்கு மூன்று டிரையல் வேண்டுமா?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.டி. பார்மகாலஜி படிக்கிறேன். ஒரே நோய்க்கு மூன்று மருந்துகளைச் சோதிக்க எங்கள் துறை நினைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி டிரையல் என்றால் நோயாளிகளும் போதாது, பணமும் போதாது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. மூன்றையும் ஒரே டிரையலுக்குள் கொண்டுவாருங்கள். குழுவுக்கு 100 பேர் என்று வைத்துக்கொண்டால், மூன்று தனி டிரையல்களுக்கு 600 பேர் வேண்டும். அதில் 300 பேர் வழக்கமான சிகிச்சை பெறும் ஒப்பீட்டுக் குழுவினர். ஒரே கேள்விக்கு மூன்று முறை ஆள் சேர்க்கிறீர்கள்! சேர்த்து நடத்தினால் ஒரே ஒப்பீட்டுக் குழு போதும். ஆனால் மூன்று ஒப்பீடுகளும் அதன் மேலேயே நிற்பதால் அதைக் கொஞ்சம் பெரிதாக்குவது நல்லது. மூன்று மருந்து என்றால் மூன்றின் வர்க்கமூல மடங்கு, அதாவது ஏறக்குறைய 170 பேர். மொத்தம் 470. நடுவில் நான்காவது மருந்து வந்து சேர்ந்தால், அதற்குப் பிறகு சேர்ந்த ஒப்பீட்டு நோயாளிகளோடு மட்டுமே அதை ஒப்பிடுங்கள்.

இந்த வழியில் பெரிதாகச் சாதித்தது பிரிட்டனின் ரெகவரி டிரையல். கொரோனா பரவிய 2020 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லேண்ட்ரே இருவரும் தொடங்கினார்கள். திட்டத்தின் முதல் வரைவுக்கும் முதல் நோயாளிக்கும் இடையே ஒன்பதே நாள். ஜூனில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பலன் தரவில்லை என்று தெரிந்தது. சில நாளிலேயே, ஜூன் 16 அன்று, டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று அறிவித்தார்கள். மருந்து பெற்றவர்கள் 2,104 பேர், பெறாதவர்கள் 4,321 பேர். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாள் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2இலிருந்து 23.3. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் எதுவும் தெரியவில்லை. சிறிய டிரையல் ஒன்றில் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

இதெல்லாம் பெரிய புள்ளியியல் வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். பாதி ரகசியம் படிவத்தில் இருந்தது. 28 நாளில் நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் முதன்மைக் கேள்வி. அதற்குத் தனிப் பரிசோதனையும் வேண்டாம், நோயாளியைத் திரும்ப வரவழைக்கவும் வேண்டாம். வார்டு வேலையில் மூழ்கியிருக்கும் டாக்டருக்குச் சின்னப் படிவம், மீதித் தகவல் அரசு மருத்துவப் பதிவேடுகளிலிருந்து. நான் பார்த்த ஒரு டிரையலில் படிவம் நாற்பது பக்கம். அதில் பெரும்பகுதியைக் கடைசிவரை யாரும் அலசவே இல்லை. “இதையும் எடுத்து வைப்போமே” என்று யாராவது சொன்னால், முடிவு அறிக்கையின் எந்த அட்டவணையில் அது வரும் என்று கேளுங்கள்.

அடுத்து, இடையில் எட்டிப் பார்க்கும் பழக்கம். பலனில்லாத மருந்தைப் பாதியிலேயே நிறுத்த இடைக்கால ஆய்வு உதவும், சரி. ஆனால் தற்செயலான வெற்றிக்கு வழக்கமாக விடும் 5 சதவீத வரம்பை வைத்துக்கொண்டு ஐந்து முறை பார்த்தால், பலனே இல்லாத மருந்து ஜெயித்ததாகத் தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதமாகிவிடும். எத்தனை முறை பார்ப்பது, ஒவ்வொரு முறையும் வரம்பு என்ன என்று தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். பார்ப்பவர்களும் நீங்களாக இருக்கக்கூடாது, தனிக் குழுவாக இருக்கட்டும். புள்ளியியலாளரை டேட்டா வந்த பிறகு தேடாமல் இப்போதே பிடியுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும், இந்தியாவின் டிரையல் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும் முதல் நோயாளி சேரும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அப்புறம் படிவம் தயாரானதும், இரவு டூட்டியில் இருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜனிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால் இன்னும் வெட்டுங்கள்.