விருந்தோம்பல் மாணவர்களும் திறனாய்வுச் சிந்தனையும்: வாசகர் கேள்வி – பதில்

விருந்தோம்பல் மேலாண்மைப் பட்டப்படிப்பைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி (கல்லூரி ஆசிரியை, மார்த்தாண்டம்): எங்கள் மாணவர்கள் நாப்கின் மடிப்பு, மேசை அமைப்பு, சமையல் குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் பிழையில்லாமல் செய்கிறார்கள். ஆனால், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால், "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, மிஸ்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். திறனாய்வுச் சிந்தனைக்கென்று தனிப் பாடத்தாள் ஒன்றைச் சேர்த்தால் இந்நிலை மாறுமா?

பதில்: தனிப் பாடத்தாள் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அப்படி ஒன்றை வைத்தால் அதற்கும் ஒரு வினா–விடைக் கையேடு வந்துவிடும்; மாணவர்கள் அதன் வரையறைகளையும் மனப்பாடம் செய்து எழுதித் தேர்ச்சி பெற்றுவிடுவார்கள். ஒரு கூற்றை ஏற்பதற்கு முன் அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பதும், அந்த ஆதாரத்தின் வலிமையை எடைபோடுவதும், வேறு விளக்கத்துக்கு இடமுண்டா என்று தேடுவதும், பின்னர் காரணத்தோடு ஒரு முடிவுக்கு வருவதும் வெறுமையில் பழகக்கூடியவை அல்ல. அவற்றைப் பழக ஒரு பொருள் வேண்டும். தங்கள் மாணவர்களுக்கு அந்தப் பொருள் சமையலறையிலும் வரவேற்பு மேசையிலும் நிறையவே இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 'சூரிய உதயம் தெரியும் அறை' என்று ஒரு கன்னியாகுமரி விடுதி விளம்பரம் செய்து, அந்த அறைக்குக் கூடுதல் வாடகை வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூற்று ஆண்டு முழுவதும் மெய்யாக இருக்குமா என்று மாணவர்களிடம் கேளுங்கள். சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது, பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் மாதச் சமநாட்களை ஒட்டித்தான். ஜூன் மாதக் கடைசி வாரத்தில் அது கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே நகர்ந்தும், டிசம்பர் கடைசி வாரத்தில் அதே அளவு தெற்கே நகர்ந்தும் உதிக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 47 பாகை வேறுபாடு உண்டு. டிசம்பரில் கடலின் மேல் உதயத்தைக் காட்டிய அதே பால்கனியிலிருந்து ஜூனில் பார்த்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மட்டும் தெரியக்கூடும். இதோடு நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால், திசை சரியாக அமைந்த நாளிலும் மேகம் மறைத்துவிடலாம்.

மாணவர்கள் கைப்பேசியில் உள்ள திசைகாட்டியைக் கொண்டு ஒரு கட்டடத்தை அளந்து, எந்த அறைக்கு எந்த மாதங்களில் அந்த விளம்பரம் பொருந்தும் என்று ஓர் அட்டவணை தயாரிக்கட்டும். அதன்பின் உண்மையான விவாதம் தொடங்கும். விளம்பர வாசகத்தை எப்படி மாற்றி எழுதுவது? மாதத்துக்கு மாதம் வாடகையை மாற்றலாமா? ஜூன் மாதத்தில் வந்து ஏமாந்த விருந்தினர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் எந்த அளவுக்கு அவர் பக்கம் நியாயம் இருக்கிறது? இத்தனையும் ஒரே விளம்பர வரியிலிருந்து பிறக்கும் கேள்விகள். அளக்கப் போவதற்கு முன்பே ஒவ்வொரு மாணவரிடமும் அவருடைய கணிப்பையும் காரணத்தையும் எழுதி வாங்கிவிடுவது மிக முக்கியம். விடை தெரிந்தபின் எல்லாருக்கும் அது முன்பே தெரிந்ததாகவே தோன்றும் என்பதால், எழுதி வைத்த காரணம் இருந்தால்தான் தன் எண்ணம் எந்த இடத்தில் பிசகியது என்பதை மாணவர் தாமே காண முடியும்.

சமையலறைக்கும் இது பொருந்தும். மீன் குழம்பு மறுநாள்தான் ருசிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள்; 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் சமைத்த உணவை நெடுநேரம் வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புப் பாடம் சொல்கிறது. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடும்படி மாணவரிடம் சொல்லாதீர்கள். புளியின் அமிலத்தன்மை நுண்ணுயிர் வளர்ச்சியை எவ்வளவு தடுக்கும், எவ்வளவு தடுக்காது? தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு ஏன் சீக்கிரம் கெடுகிறது? மண்சட்டியில் நான்கு பேருக்கு வைத்த குழம்பும் பெரிய அண்டாவில் இருநூறு பேருக்கு வைத்த குழம்பும் ஒரே வேகத்தில் ஆறுமா? வீட்டு அனுபவம் எந்த நிபந்தனைகளில் சரியாக இருந்தது, விடுதிச் சமையலறையில் அவற்றுள் எவை இல்லை என்று பிரித்துப் பார்க்கும் மாணவர், நாளை பாடத்தில் இல்லாத உணவு ஒன்றைக் கையாள நேர்ந்தாலும் தடுமாற மாட்டார்.

வினாத்தாளும் மாறியாக வேண்டும். கல்வி இலக்குகளை நினைவுகூர்தலிலிருந்து மதிப்பிடுதல் வரை படிப்படியாகப் பகுத்த புளூமின் வகைப்பாடு 1956இல் வெளியாகி 2001இல் திருத்தவும் பட்டது. அதைப் பயிற்சி வகுப்புகளில் கற்காத ஆசிரியர்கள் குறைவு. ஆயினும் நம் வினாக்கள் பெரும்பாலும் முதற்படியிலேயே நிற்கின்றன. "ஹவுஸ்கீப்பிங் துறையின் பணிகளை விளக்குக" என்பதற்குப் பதிலாக, "பகல் 12 மணிக்கு 30 அறைகள் காலியாகின்றன, 2 மணிக்கு அடுத்த விருந்தினர்கள் வருகிறார்கள், பணியாளர்களில் இருவர் விடுப்பு, எந்த அறைகளை முதலில் தயார் செய்வீர்கள், எந்த வேலையைத் தள்ளிவைப்பீர்கள், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பணிகளின் பட்டியல் தெரியாதவரால் இதற்கு விடை எழுத முடியாது; பட்டியல் மட்டுமே தெரிந்தவராலும் முடியாது.

கேள்வி (விடுதி மேலாளர், கன்னியாகுமரி): எங்களுக்குச் சொன்னதைச் செய்யும் பணியாளர்கள்தான் தேவை. எல்லாவற்றையும் கேள்வி கேட்கப் பழகியவர்கள் விருந்தினரிடமும் வாதாடத் தொடங்கினால் தொழில் என்னாவது?

பதில்: தங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. பணிவு இத்தொழிலின் உயிர். அதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால், விருந்தினரிடம் காட்டும் பணிவையும் சிந்தனையில் காட்டும் பணிவையும் நம் பயிற்சி முறை ஒன்றாகக் குழப்பிவிட்டது. புன்னகையோடு செவிமடுக்கும் அதே பணியாளரின் மனத்தில், இவர் சொல்லும் குறைக்கு உண்மையான காரணம் என்ன என்ற கேள்வி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அறையில் நாற்றம் வீசுகிறது என்று விருந்தினர் குறை சொல்கிறார். சொன்னதை மட்டும் செய்யும் பணியாளர் நறுமணத் திரவத்தைத் தெளித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுத் திரும்புவார். இரண்டு மணி நேரத்தில் அதே அழைப்பு மீண்டும் வரும். சிந்திக்கப் பழகியவரும் முதலில் மன்னிப்புத்தான் கேட்பார். ஆனால், இது இந்த ஓர் அறையிலா, மாடி முழுவதிலுமா, மழைக்குப் பின்னரா, ஏசி ஓடும்போது மட்டுமா என்று பார்ப்பார். ஏசியின் வடிகட்டி, தண்ணீர் வடியும் குழாய், ஈரம் ஊறிய சுவர் என ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்குவார். உப்புக் காற்றில் ஏசியின் வெளிப்புற அலகு விரைவில் அரித்துப்போகும் நம் கடற்கரையில், பராமரிப்புச் செலவாகத் தாங்கள் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பது தங்களுக்கே தெரியும்.

கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் செல்லும் படகுகள் நிறுத்தப்படுகின்றன. "நாளை காலை படகு ஓடுமா?" என்று இரவில் கேட்கும் விருந்தினரிடம், "ஓடும்" என்று உறுதி சொல்லும் பணியாளர் அவரை அந்த நேரத்துக்கு மட்டும் மகிழ்விக்கிறார். இன்று நின்றதா, ஏன் நின்றது, நாளை காலை எப்போது தெரியவரும், படகு இல்லாவிட்டால் அந்த அரை நாளில் வட்டக்கோட்டைக்கோ சுசீந்திரத்துக்கோ பத்மநாபபுரம் அரண்மனைக்கோ போவது எப்படி என்று யோசித்துச் சொல்பவரே விருந்தினரின் நாளைக் காப்பாற்றுகிறார். அரண்மனைக்கு வார விடுமுறை உண்டு என்பதையும் அவரே நினைவில் வைத்திருப்பார்.

ரிட்ஸ்-கார்ல்டன் என்ற பன்னாட்டுச் சொகுசு விடுதிக் குழுமத்தில், மேலாளரிடம் அனுமதி கேட்காமலேயே ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை செலவிடும் உரிமை பணியாளர்களுக்குத் தரப்பட்டிருப்பது இத்துறையில் பலரும் அறிந்தது. நம் ஊர் விடுதி அந்தத் தொகையைத் தர வேண்டியதில்லை. ஒரு வேளைக் காலை உணவை விலையின்றித் தரவோ அறையை மாற்றித் தரவோ பணியாளருக்கு அதிகாரம் கொடுத்து, அப்படி முடிவெடுத்ததற்கான காரணத்தை அன்றே இரண்டு வரியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதிய காரணம் சரியில்லை என்றால் மறுநாள் அவரோடு பேசுங்கள். பயிற்சிக்கு வரும் மாணவர்களிடமும் இதையே கேளுங்கள். மூன்று மாதமும் வெங்காயம் நறுக்கவும் பெட்டி தூக்கவும் மட்டுமே விட்டுவிட்டு, அவர்களுக்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்று கல்லூரியைக் குறைகூறுவது நியாயமாகாது.

கேள்வி (மூன்றாமாண்டு மாணவர், குலசேகரம்): கணக்குத் தொடர்பான பாடங்களில் சூத்திரம் போட்டால் விடை வந்துவிடுகிறது. அதில் சிந்திக்க என்ன இருக்கிறது?

பதில்: சூத்திரம் விடையைத் தரும், முடிவைத் தராது. 40 அறைகள் கொண்ட விடுதி ஒன்று, சபரிமலை பக்தர்கள் பெருமளவில் வரும் காலத்தில் 3,000 ரூபாய் வாடகையில் 36 அறைகளை நிரப்புகிறது. வாடகையை 4,000 ஆக்கினால் 28 அறைகள்தான் நிரம்பும் என்று வைத்துக்கொள்வோம். நிரம்பிய விழுக்காட்டை மட்டும் பார்த்தால் 90க்கும் 70க்கும் இடையே போட்டியே இல்லை. வருவாயைப் பார்த்தால் முதலாவதில் 1,08,000 ரூபாய். இரண்டாவதில் 1,12,000 ரூபாய். நிரம்பிய அறை ஒவ்வொன்றுக்கும் துவைப்பு, மின்சாரம் முதலிய செலவு 400 ரூபாய் என்றால், எஞ்சுவது முறையே 93,600, 1,00,800. இப்போது உணவகத்தைச் சேர்த்துப் பாருங்கள். அறைக்கு 600 ரூபாய் உணவக ஆதாயம் கிடைத்தால் 1,15,200, 1,17,600 என்று இடைவெளி சுருங்கிவிடுகிறது. அந்த 36 அறைகளில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு குருசாமியின் குழு இருந்தால் என்ன செய்வீர்கள்? அதைச் சொல்லும் சூத்திரம் இல்லை. எந்த எண்ணைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த ஊகத்தை மாற்றினால் முடிவு தலைகீழாகும் என்று தேடுவதே இங்கே நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

வரியையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. 7,500 ரூபாய் அறைக்கு விருந்தினர் 7,875 ரூபாய் செலுத்துகிறார். வாடகையை 7,600 ஆக்கினால் அவர் 8,968 ரூபாய் செலுத்த வேண்டும். விடுதிக்கு 100 ரூபாய் கூட, விருந்தினருக்கு 1,093 ரூபாய் கூடுகிறது. ஆனால், 5 விழுக்காட்டு வரியில் விடுதிக்கு உள்ளீட்டு வரிச் சலுகை (தான் வாங்கும் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்காது என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

உணவுப் பட்டியலிலும் இதே கண் தேவை. 15 ரூபாய்க்கு விற்கும் தேநீரின் பொருட்செலவு 4 ரூபாய். 250 ரூபாய்க்கு விற்கும் மரச்சீனியும் மீன் குழம்பும் சேர்ந்த தட்டின் பொருட்செலவு 125 ரூபாய் என்போம். செலவு விழுக்காட்டைப் பார்த்தால் தேநீரே சிறந்தது. ஆனால், ஒரு தட்டு தரும் 125 ரூபாய் மிச்சத்தைப் பெற 12 தேநீருக்கு அருகில் விற்றாக வேண்டும். ஒரு பண்டம் எவ்வளவு விற்கிறது என்பதையும் ஒவ்வொன்றிலும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் ஒருசேரப் பார்க்கும் முறையைக் கசவானாவும் ஸ்மித்தும் 1982இல் வகுத்தார்கள். உங்கள் பாடத்தில் அது, விற்பனை கூடுதலா குறைவா, மிச்சம் கூடுதலா குறைவா என்று பிரித்த நான்கு கட்டங்களாக வரும். கட்டங்களை வரைவதோடு நின்றுவிடாமல், அது எதைக் கணக்கில் கொள்ளவில்லை என்று கேளுங்கள். அந்தத் தட்டைத் தயாரிக்க ஆகும் ஆள்நேரமும், மீன் வராத நாளில் பட்டியல் என்னவாகும் என்பதும் அதில் இல்லை.

கேள்வி (உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்): வகுப்பு விவாதத்தில் ஆங்கிலம் சரளமாகப் பேசும் இரண்டு மூன்று பேர் மட்டுமே பேசுகிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களைப் பேச வைப்பது எப்படி?

பதில்: அவர்கள் மௌனமாக இருப்பதைச் சிந்தனைக் குறைவென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்நிய மொழியில் சொல் தேடும் உழைப்பே மனத்தை முழுவதும் எடுத்துக்கொண்டால், காரணத்தை ஆராய அங்கே இடம் மிஞ்சுவதில்லை. முதல் சுற்று விவாதத்தைத் தமிழில் வையுங்கள். இரணியல் பேச்சோ விளவங்கோட்டுப் பேச்சோ எப்படி வந்தாலும் வரட்டும். ஒவ்வொருவரும் தம் முடிவையும் இரண்டு காரணங்களையும் ஒரு தாளில் எழுதிய பின்பே வாய்திறக்க வேண்டும் என்று விதி வையுங்கள். கூச்சப்படுபவருக்கும் அப்போது கையில் ஓர் எழுத்து இருக்கும். முடிவு உறுதியான பிறகு அதை ஆங்கிலத்தில் விருந்தினருக்குச் சொல்வது எப்படி என்று தனியே பயிற்சி கொடுங்கள். வரவேற்பு மேசைக்கு ஆங்கிலம் கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதைச் சிந்தனையின் வாசலில் காவல் நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆசிரியரின் கருத்தை மறுத்துப் பேசும் மாணவருக்கு அக மதிப்பெண் குறையாது என்பதை முதல் வாரத்திலேயே அவர்கள் கண்ணால் காண வேண்டும். தக்க காரணத்தோடு ஒரு மாணவி தங்களை மறுக்கும்போது, வகுப்பின் முன்னே தங்கள் முடிவை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த அறிவுரையும் அதற்கு ஈடாகாது.

கேள்வி (பெற்றோர், குளச்சல்): என் மகன் கல்லூரிக் கட்டுரைகளையெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுகிறான். அவனுக்கு யோசிக்கும் பழக்கமே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: எழுதித் தருவதை அப்படியே கொடுத்தால் பயப்படத்தான் வேண்டும். தடை செய்வதால் மட்டும் பயன் இராது. அந்தச் செயலி தந்த பதிலை உங்கள் மகனே திருத்தட்டும். குளச்சல், முட்டம் பக்கம் சுற்றுலாவை வளர்ப்பது பற்றி அது ஏதேனும் எழுதியிருந்தால், அதில் எந்த வரி எந்தக் கடற்கரை ஊருக்கும் பொருந்தும் பொதுப்பேச்சு, எது நம் கடலையும் துறையையும் அறிந்து எழுதியது, எது பொய் என்று மூன்று நிறப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். துறைமுகத்தில் மீன்பிடித் தடைக்காலம் எப்போது, அந்த நாட்களில் விடுதிகளுக்கு மீன் எங்கிருந்து வருகிறது என்று நேரில் விசாரித்து வரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கடல் தொழில் அறிந்தவர் இருந்தால், அவரோடு உட்கார்ந்து அந்தக் கட்டுரையை ஒரு முறை உரக்கப் படிக்கட்டும்.