கப்பல் கரைக்கு வந்தும் இறங்காமல் இருக்கலாமா?

2023 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் சேவை தொடங்கியபோது, அம்பாந்தோட்டை, காங்கேசன்துறை ஆகியவற்றுடன் திருகோணமலையும் அதன் துறைகளில் ஒன்றானது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பயணத்தைப் பற்றியவை. கப்பல் துறையில் நிற்கும் பகலில் கப்பலிலேயே தங்குவது பற்றிக் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சென்னையிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். அவருக்கு 78 வயது, முழங்கால் வலி, நீரிழிவும் உண்டு. நாங்கள் கோணேசர் கோயிலுக்குப் போய் வரும்வரை அவரைக் கப்பலில் விடலாமா? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? — உவர்மலையைச் சொந்த ஊராகக் கொண்ட வாசகி

தாராளமாக விடலாம், அனுமதி எதுவும் வேண்டாம். வெளியே போகிறவர்களின் அட்டையைத்தான் வாசலில் இயந்திரம் பதிவு செய்யும். அட்டை பதியாதவர் கப்பலுக்குள் இருப்பதாகக் கணக்கு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில துறைமுகங்களில் இறங்காத பயணிகளையும் குடிவரவு அதிகாரிகள் நேரில் பார்க்கக் கேட்பார்கள். அப்படியிருந்தால் முதல் நாள் இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் நேரமும் இடமும் போட்டிருப்பார்கள். ஒருவர் வராவிட்டாலும் மற்றவர்கள் காத்துக்கிடக்க நேரும். ஆகவே அம்மாவின் கடவுச்சீட்டோடு நீங்களும் கூடப் போய் அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

அவரைத் தனியே விடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அறையைத் துப்புரவு செய்பவரிடம், அம்மா உள்ளே இருக்கிறார், மத்தியானம் ஒருமுறை கதவைத் தட்டிப் பாருங்கள் என்று சொல்லுங்கள். வரவேற்பு மேசையிலும் அறை எண்ணைச் சொல்லி வையுங்கள். அறைத் தொலைபேசியில் வைத்திய நிலையத்தின் எண்ணும் அவசர எண்ணும் எழுதியிருக்கும். அவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். துறையில் நிற்கும்போது வைத்திய நிலையம் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். அவசரமென்றால் எந்த நேரமும் வருவார்கள், ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. பயணக் காப்புறுதியில் கப்பல் வைத்தியச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள்.

இன்சுலின் போடுபவரா? பல கப்பல் அறைகளில் உள்ள சிறிய குளிர்ப்பெட்டி பானத்தைக் குளிர வைக்கத்தான் போதும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும், அந்தப் பெட்டி அவ்வளவு குளிராது. ஏறிய அன்றே வைத்திய நிலையத்தில் பெயரெழுதிக் கொடுத்து வையுங்கள். பாவனையில் இருக்கும் போத்தலையோ பேனாவையோ அறையிலேயே வெயில் படாமல் வைத்தால் போதும். மதியச் சாப்பாட்டு நேரம் தவறிவிடக் கூடாது. துறை நாட்களில் பெரிய சாப்பாட்டு மண்டபம் மத்தியானம் மூடியிருக்கலாம். மேல் தளத்தில் தாங்களே எடுத்துச் சாப்பிடும் இடம் திறந்திருக்கும், ஆனால் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க அவரால் ஏலாது. அங்குள்ள பணியாளரிடம் சொன்னால் மேசைக்கே கொண்டுவந்து தருவார். அல்லது அறைக்கு வரவழைக்கலாம். அதையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்.

இன்னொன்று, பலர் நினைத்துப் பார்க்காதது: நீங்கள் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் அம்மாவோடு போய்விடும். கடைசியாக ஏற வேண்டிய நேரம் புறப்படும் நேரத்துக்கு அரை மணி அல்லது ஒரு மணி முன்பாக இருக்கும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் நிற்கும்படி உங்கள் பயணத்தை அமையுங்கள். நிகழ்ச்சித் தாளில் உள்ளூர்க் கப்பல் முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அந்தத் தாளைப் படம் எடுத்து எல்லோருடைய ஃபோனிலும் வைத்திருங்கள். கோயிலுக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து மேலே ஏறும் பாதை செங்குத்து. முழங்கால் வலியுள்ளவரை விட்டு வருவதென்ற உங்கள் முடிவு சரியானதே.

கேள்வி: இறங்காவிட்டால் துறைமுகக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா? கப்பலில் அன்று என்னதான் நடக்கும்? — நிலாவெளி வாசகர்

தரமாட்டார்கள். அது கப்பல் துறைக்குள் வருவதற்கு ஆள் கணக்கில் கட்டுவது. கப்பலே அந்தத் துறைக்குப் போகாமல் விட்டால்தான் திரும்பக் கிடைக்கும்.

அன்று கடைகளும் சூதாட்ட அறையும் பூட்டியிருக்கும். கடைகளில் விற்பது சுங்க வரி கட்டாத பொருள். ஒரு நாட்டின் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள கடலுக்குள் வந்துவிட்டால் அந்த நாட்டின் சட்டம் பிடிக்கும் என்பதால் மூடிவிடுகிறார்கள். புறப்பட்டுச் சிறிது நேரத்தில் மறுபடி திறப்பார்கள். வாங்க நினைத்ததை முதல் நாளே வாங்குங்கள்.

மற்றபடி நீச்சல் குளம், நூலகம், உடற்பயிற்சி அறை எல்லாம் உண்டு. காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் கப்பல் மிக அமைதியாக இருக்கும் நேரம். லிஃப்ட் உடனே வரும், குளத்தோரம் சாய்கதிரை கிடைக்கும், மசாஜ் நிலையத்தில் துறை நாள் கழிவும் சில கப்பல்களில் கொடுப்பார்கள். கடல்நீர் நிரப்பும் குளமென்றால் துறைக்குள் தண்ணீர் மாற்ற முடியாது, ஆகவே பூட்டியிருக்கலாம். சிறுவர் பிரிவில் பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோர் இறங்கலாமா என்பது கப்பலுக்குக் கப்பல் வேறுபடும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

கடலில் வயிற்றைப் புரட்டியவர்களுக்கு இந்த நாள் நல்ல ஓய்வு. திருகோணமலை உட்துறை நாலு பக்கமும் மேட்டால் மூடப்பட்டது. வெளியே கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் உள்ளே கட்டிய கப்பல் அசைவது தெரியாது. வெளியே நங்கூரமிட்ட கப்பல் அப்படியல்ல. ஓடும்போது ஆட்டத்தைக் குறைக்கப் பக்கவாட்டில் நீளும் செட்டைகள் நிற்கும்போது வேலை செய்வதில்லை. ஆகவே பக்கத்திலிருந்து அலை வந்தால் ஓடும்போதைவிட நிற்கும்போதுதான் அதிகம் உருளும். மாரி காலத்தில் பயணச்சீட்டு எடுப்பவர்கள், கப்பல் இறங்குதுறையில் கட்டுமா, வெளியே நின்று சிறு படகில் ஆளை இறக்குமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். சக்கர நாற்காலிக்காரருக்கு அந்தப் பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கட்டிய கப்பலில் சாய்பலகை வழியே தள்ளிக்கொண்டு போகலாம், நம் கரையில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் பலகையின் சரிவும் நாள் முழுதும் பெரிதாக மாறாது. சிறு படகென்றால், படகு அலையில் மேலே எழும் கணத்தில் இரண்டு மாலுமிகள் கையைப் பிடிக்க அடி எடுத்துவைக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் நடக்க ஏலாதவரை இறக்கவே மாட்டார்கள், பாரமான மின் நாற்காலியையும் ஏற்றமாட்டார்கள்.

கேள்வி: போன பயணத்தில் கப்பல் துறையில் நின்றபோது திடீரென்று சங்கு ஊதியது, உயிர்காப்புப் படகுகளைக் கடலில் இறக்கினார்கள். மேல் தளத்தையும் மூடிவிட்டார்கள். பயந்துபோனோம். அது என்ன? — தம்பலகாமம் வாசகி

ஊழியர்களின் பயிற்சி. பயணிகள் குறைவாக இருக்கும் துறை நாளில்தான் அதை வைத்துக்கொள்வார்கள். பயணிகள் கப்பலில் தீயணைப்புப் பயிற்சியும் கப்பலைக் கைவிடும் பயிற்சியும் வாரந்தோறும் நடக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உயிர்காப்புப் படகுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நீரில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடும் கப்பலில் அதைச் செய்வது கடினம்.

ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அதுதான் அவசர அழைப்பு. பயிற்சியென்றால் அதற்கு முன்பே, இது ஊழியருக்கு மட்டும், பயணிகள் பங்குபற்ற வேண்டியதில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அறையில் தூங்குபவருக்கு அந்த அறிவிப்பு கேட்காமல் போகலாம். அதனால்தான் பயம் வருகிறது. நிகழ்ச்சித் தாளில் நேரம் இருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அந்த ஒலி வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். மருந்தையும் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு, ஏறிய அன்று காட்டித் தந்த கூடுமிடத்துக்குப் போங்கள், லிஃப்டில் அல்ல, படிக்கட்டால்.

மேல் தளம் மூடியதற்கு எரிபொருள் நிரப்பியது காரணமாக இருக்கலாம். அப்போது கொடிக்கம்பத்தில் சிவப்புக் கொடி பறக்கும், இரவென்றால் சிவப்பு விளக்கு. திறந்த தளத்தில் புகைக்கக் கூடாது. பக்கவாட்டில் துரு சுரண்டிப் பெயின்ற் அடிப்பதும் அன்றுதான், ஆகவே பலகணி அறையில் இருந்தால் கொஞ்ச நேரம் சத்தத்தையும் வாசனையையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கரையில் நின்றாலும் மின்சாரத்துக்காகக் கப்பலின் இயந்திரம் ஒன்றாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். புகைபோக்கிக்குப் பின்னால் காற்று வீசும் பக்கத்தில் இருக்காமல் முன் தளத்துக்கு வாருங்கள்.

கேள்வி: என் அக்கா லண்டனிலிருந்து கப்பலில் வருகிறார். நடக்க ஏலாது, இறங்கமாட்டார். 11 வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் கப்பலுக்குள் போய்ப் பார்க்கலாமா? புட்டும் மீன்குழம்பும் கொண்டுபோகலாமா? — கிண்ணியா வாசகர்

அன்று வாசலில் போய்க் கேட்டால் விடமாட்டார்கள். 2004 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சர்வதேசப் பாதுகாப்பு விதியின்படி, துறைமுகத்துக்குள்ளும் கப்பலுக்குள்ளும் பெயர்ப் பட்டியலில் இல்லாதவர் போக முடியாது. பயணிகளின் உறவினரைச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதுண்டு, ஆனால் பல வாரங்களுக்கு முன்பே அக்கா தன் பதிவு எண்ணோடு எழுதிக் கேட்க வேண்டும். உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொடுக்க வேண்டும். நிறுவனம் ஒத்துக்கொண்டாலும் துறைமுகத்தின் அனுமதி தனி. பல நிறுவனங்கள் இல்லையென்றே பதில் தரும், அதற்கும் மனதைத் தயார் செய்யுங்கள்.

அதைவிட நம்பகமான வழி, கப்பல் இறங்குதுறையில் கட்டுமென்றால், அக்காவைச் சக்கர நாற்காலியில் இறக்குவது. கப்பலில் நாற்காலியும் தள்ளும் ஆளும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் இறங்குபலகையின் அடிவரைதான். அதற்கப்பால் துறைமுக வாசல்வரை வாகனம் முகவர் மூலம் ஒழுங்கு செய்ய வேண்டும். கூட்டம் இறங்கி முடிந்த பின், பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். வாசலருகே உங்கள் வாகனத்திலேயே ஒரு மணி நேரம் அவரோடு இருந்துவிட்டுத் திரும்ப அனுப்பலாம். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த ஒரு மணி நேரத்துக்காக இவ்வளவு எழுத்து வேலையும் செய்யத்தான் வேண்டும்.

புட்டும் குழம்பும் அங்கேயே அவரைச் சாப்பிட வையுங்கள். சமைத்த உணவைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். ஓரிடத்தில் வந்த வயிற்றுக் கோளாறு மூடிய கப்பலில் நூற்றுக்கணக்கானோருக்குப் பரவும் என்ற பயம்தான் காரணம். வீட்டில் செய்த பலகாரத்தையும் தடுப்பார்கள். கடையில் மூடிய பொதியென்றால் பெரும்பாலும் போகும். அதேபோல் கப்பல் சாப்பாட்டையும் பழத்தையும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது.

கேள்வி: கப்பலில் இருந்தபடி உள்ளூர் ஃபோன் பேசலாமா? — உப்புவெளி வாசகர்

துறையில் கட்டியிருக்கும்போது கரைக் கோபுரத்தின் அலை தளத்துக்கும் பலகணிக்கும் வரும். உள் அறையில் இரும்புச் சுவர் தடுத்துவிடும். கடலில் கப்பலின் சொந்த வலையமைப்பில் ஃபோன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் பெரிய பில் வரும். கரை மறையும் முன்பே விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இறங்காமல் கோணேசரை எங்கிருந்து கும்பிடலாம்? — பெயர் வேண்டாம் என்ற வாசகி

வடக்கிலிருந்து, அதாவது சென்னைப் பக்கமிருந்து வரும் கப்பலில் கரை வலது கைப் பக்கம். துறைக்கு வந்து சேரும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வலது பக்கத் திறந்த தளத்துக்குப் போங்கள். நிலாவெளிக் கடற்கரையும் புறாத்தீவும் முதலில், அதன்பின் சுவாமி மலை, உச்சியில் கோயில். செங்குத்துப் பாறையின் முகம் கடலைத்தான் பார்க்கிறது. கோயிலுக்கு நடந்து போனவர்களுக்கு அந்த முகம் முழுதாகத் தெரிவதில்லை, கடலில் வருகிறவருக்குத் தெரியும். கப்பல் மேற்கே திரும்பிக் கொட்டியார்க் குடாவைத் தாண்டி உட்துறைக்குள் வந்துவிட்டால் அது மறைந்துவிடும்.

8×42 இருகண் நோக்கி இருந்தால் நல்லது. அதிகாலை வெயில் கடல் பக்கமிருந்து விழுவதால் பாறையும் கோபுரமும் தெளிவாகத் தெரியும், மாலையில் எதிர்வெயில். உட்துறையில் கடற்படைத் தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பும் முன் கப்பல்காரரைக் கேளுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். கொடிக்கம்பத்தையும் பாருங்கள்: மஞ்சள் கொடி பறக்கும்வரை சுகாதார அனுமதி கிடைக்கவில்லை, யாரும் இறங்க முடியாது. வெள்ளையும் சிவப்பும் பாதிப் பாதியாக உள்ள கொடி, கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக மாலுமி கப்பலில் இருப்பதன் அடையாளம்.

திரும்பி வடக்கே போகும்போது கரை இடது கைப் பக்கம் வரும். காலையில் தவறவிட்டவர்கள் புறப்பட்டதும் உடனே இடது பக்கத் தளத்துக்குப் போய்விடுங்கள், இருட்ட முன் மலை கண்ணில் படும்.