ஹொலஷோவிட்செ பக்கம் வீடு எடுக்கலாமா?

தம்பி, செக் நாட்டில் செஸ்கே புத்யேயோவிட்செ நகரத்தில் வேலை, நகரத்து வாடகை கட்டுப்படியாகவில்லை, ஹொலஷோவிட்செ பக்கம் வீடு ஒன்று வருகிறது, ஆனால் அவ்வளவு சின்ன ஊரில் நாங்கள் ஒட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பன்னிரண்டு வருடமாக அந்தப் பக்கத்து ஊர்க்காரன். என்னைக் கேட்டால், தாராளமாக எடுக்கலாம்.

நகரத்துக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தெற்கே பிளான்ஸ்கி லெஸ் என்ற மலைக்காடு, அதன் உச்சியான க்லெத் 1084 மீட்டர். ஊருக்கு நடுவே நீளமான புல்வெளி, 'நாவெஸ்' என்பார்கள். அதில் ஒரு குளம், 1755-இல் கட்டிய சின்னக் கிறிஸ்தவக் கோயில், பழைய கொல்லுப்பட்டறை. சுற்றி 23 பண்ணை வீடுகள். எல்லாம் முக்கோண முகப்பைப் புல்வெளிப் பக்கம் காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு முகப்புக்கு நடுவே வளைவு வாசல், வண்டி போகிற அகலம், உள்ளே முற்றம். முகப்பில் சுண்ணாம்புச் சாந்தில் பூவும் கொடியும் சுருளும், சிலவற்றில் கட்டிய ஆண்டும். நாட்டுப்புற பரோக் பாணி என்பது இதுதான். பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு வேலை. 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

சரி, 'ஒட்ட முடியுமா' என்றீர்களே, அதற்கு இந்த ஊரின் கதையைக் கேளுங்கள். 1263-லேயே ஏட்டில் பெயர் இருக்கிறது. 1292-இல் அரசர் இரண்டாம் வாட்ஸ்லாவ் இதை விஷ்ஷீ ப்ரோட் என்ற கிறிஸ்தவத் துறவி மடத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1848 வரை மடத்துச் சொத்து. இடையில் 1520 முதல் 1525-க்குள் கொள்ளைநோய் வந்து இரண்டே பேர்தான் மிஞ்சினார்கள். மடம் பவேரியா, ஆஸ்திரியா பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. அப்படித்தான் செக் ஊர் ஜெர்மன் பேசும் ஊரானது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த ஜெர்மன் குடும்பங்களைத் துரத்திவிட்டார்கள். நிறைய வீடுகள் பூட்டியபடியே பாழாயின. ஒரு வகையில் அந்தப் புறக்கணிப்பே நல்லதாகிப்போனது: யாரும் இடித்துக் கான்கிரீட் போடவில்லை. 1990-க்குப் பிறகுதான் சரிசெய்து குடிவந்தார்கள். ஆக, இன்று அங்கே இருப்பவர்களில் 'பரம்பரை பரம்பரையாக இந்த மண்' என்று சொல்லக்கூடியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அப்புறம் நடைமுறை. தெருப்பெயர் கிடையாது, ஊர்ப்பெயரும் வீட்டு எண்ணும்தான் விலாசம். எண்ணும் வரிசையில் வராது, ஏனென்றால் பிறகு கட்டிய வீட்டுக்கு அடுத்த எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். நான் வந்த புதிதில் 13-ஐத் தேடி அரைமணி அலைந்திருக்கிறேன். எதிரே யார் வந்தாலும் 'தோப்ரி தென்' (செக் மொழியில் வணக்கம்) சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் கர்வம் பிடித்தவன் என்று நினைப்பார்கள். நிறத்தைவிட அதைத்தான் முதலில் கவனிப்பார்கள் என்பது என் அனுபவம். வார இறுதியில் பஸ் அரிது, கார் இல்லாமல் கஷ்டம்.

வீடு பார்க்க ஜூலைக் கடைசியில் போகாதீர்கள். திருவிழாக் கூட்டம் மொய்க்கும், ஊரே எப்போதும் இப்படித்தான் என்று மயங்கிவிடுவீர்கள். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போங்கள். நன்றாக இருட்டியிருக்கும், புகைபோக்கி வாசனை வரும், புல்வெளியில் ஈ காக்கை இருக்காது. அப்போதும் பிடித்திருந்தால், குளிருக்கு விறகு யார் செலவு என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.